ஏழு ஸ்லைடு போதும், டீச்சர்

கேள்வி: எனக்கு 49 வயது. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் யு.பி. (அப்பர் பிரைமரி) ஸ்கூலில் 22 வருஷமாக டீச்சர். இதுவரை எனக்கு வேண்டிய ஸ்லைடுகளை அக்கா மகன்தான் போட்டுக் கொடுத்தான். அவன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான். அடுத்த மாதம் பி.டி.ஏ. கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் 'நம்ம ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்று கால் மணி நேரம் படம், ஒலியோடு சொல்ல வேண்டும். டி.டி.பி. கடையில் அடித்து வாங்கிய தமிழ், ஸ்கூல் லேப்டாப்பில் திறந்தால் ஏதோ ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. கவலை ஓட்டிய (மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த) காலத்தைப் பற்றி என் மாமனார் (84) பேசியதைப் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதைச் சேர்க்கவும் தெரியவில்லை. பணம் கட்டி ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றில் சேரலாமா? இந்த வயதில் மண்டையில் ஏறுமா?
– ஒரு டீச்சர், சித்தூர் தாலுகா

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கோர்ஸ் இப்போது வேண்டாம். கூட்டம் அடுத்த மாதம், கோர்ஸ் ஆறு மாதம். அதில் முதல் சில வாரங்கள் கம்ப்யூட்டரின் பாகங்களைச் சொல்லியே போய்விடும். உங்களுக்கு வேண்டியது ஒரு தலைப்பு, ஏழு ஸ்லைடு, நாலைந்து சாயங்காலம். பொள்ளாச்சியிலும் சித்தூரிலும் டீச்சர்களுக்குப் பல வருடமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சொந்தமாகச் சொல்ல ஒரு விஷயம் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். உங்களிடம் விஷயமும் இருக்கிறது, மாமனாரின் குரலும் இருக்கிறது.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 22 வருஷமாக சார்ட் பேப்பரில் வரைந்து, கலர் அடித்து, சுவரில் மாட்டிப் பாடம் நடத்தியிருப்பீர்கள். ஸ்லைடு என்பது அந்த சார்ட்தான். 1987-இல் பவர்பாயிண்ட் முதலில் வந்தபோது கறுப்பு வெள்ளையில், ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கிற கண்ணாடித் தாள்களை அச்சடிக்கத்தான் அது பயன்பட்டது. படம் ஓடுவது, ஒலி வருவது எல்லாம் பிறகு சேர்ந்தவை. அதனால் சார்ட் போடத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

கேரளத்தில் கைட் (ஸ்கூல்களின் கம்ப்யூட்டர் வசதியைப் பார்த்துக்கொள்ளும் அரசு நிறுவனம்) மூலமாக ஸ்கூல்களுக்கு வந்த லேப்டாப் என்றால் அதில் விண்டோஸ் இருக்காது, அதற்குப் பதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் இருக்கும். அதிலேயே லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் இருக்கிறது. பவர்பாயிண்ட் செய்கிற வேலையை அது காசில்லாமல் செய்யும். பவர்பாயிண்ட் இல்லையே என்று தேட வேண்டாம். சந்தேகம் வந்தால் பக்கத்து ஹைஸ்கூலில் லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். 2018-இல் தொடங்கிய மாணவர் கிளப் அது. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காட்டித் தருவார்கள். மவுஸை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் கைதான் பழக வேண்டும்.

முதல் சாயங்காலம் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். ஒரு நோட்டில் ஏழு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் குறியுங்கள். நீங்கள் பேசப் போவதை அதில் எழுத வேண்டாம், அது தனித் தாளில் இருக்கட்டும். பலரும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். பேசப் போவதை முழுக்க ஸ்லைடில் அடித்துவிட்டு, அப்புறம் திரையைப் பார்த்து வாசிக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர், படமும் சொல்லும் சேரும்போது மனித மூளை எப்படிக் கற்கிறது என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். படத்தைக் காட்டிக்கொண்டே வாயால் சொன்னால் நன்றாகப் பதிகிறது, அதே சொற்களைத் திரையிலும் எழுதிக் காட்டினால் பதிவது குறைகிறது என்று அவர் சோதித்துக் காட்டினார். காது ஒன்றைக் கேட்கும்போது கண் அதையே வேறு வேகத்தில் படித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் நீங்களே இதைப் பார்த்திருப்பீர்கள்: போர்டில் எழுதிக்கொண்டே பேசினால் பிள்ளைகள் எழுதுவதைப் பார்ப்பார்கள், பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

சரி, உங்கள் தலைப்பில் எந்த ஏழு? நானாக இருந்தால் மாமனாரின் பழைய கிணற்றுப் படத்தில் தொடங்குவேன். வரவேற்பு, தலைப்பு, ஸ்கூல் முத்திரை என்று ஒரு ஸ்லைடை வீணாக்க மாட்டேன். அடுத்து காய்ந்த மேட்டில் நிற்கிற கரும்பனைகள். கேரளத்தின் மற்ற இடமெல்லாம் மழையில் ஊறும்போது கொழிஞ்சாம்பாறை வட்டாரம் ஏன் மழை மறைவுப் பகுதியாகக் கிடக்கிறது என்று வாயால் சொல்லிவிடலாம். அப்புறம் மாமனாரின் குரல். நாலாவது வரைபடம். ஐந்தாவது தண்ணீரின் அளவு. ஆறாவது இன்று சித்தூர்ப் புழையின் மூலத்தரைத் தடுப்பணையில் தண்ணீர் போவதை நீங்களே போனில் எடுத்த அரை நிமிட வீடியோ. ஏழாவதில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. இதில் மூன்று ஸ்லைடுகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ஒரு ஸ்லைடுக்கு ஒரு போட்டோ, கீழே ஒரு வரி.

வரைபடத்தை இன்டர்நெட்டில் தேடி எடுக்காதீர்கள். சார்ட் பேப்பரில் நீங்களே வரையுங்கள்: ஆனைமலை, ஆழியாறு, கேரளத்துக்கு வரும் தண்ணீரை அளக்கிற மணக்கடவு, எல்லைக் கோடு, மூலத்தரை, சித்தூர்ப் புழை, அது பறளியில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து பாரதப்புழை ஆகிற இடம். ஆற்றை மட்டும் விட்டுவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேராக மேலிருந்து போட்டோ எடுத்து ஸ்லைடில் போடுங்கள். பிறகு இம்ப்ரெஸில் வளைகோடு வரைகிற கருவியை எடுத்து, அந்தப் போட்டோவின் மேல் நீலத்தில் கொஞ்சம் தடிமனாக ஆற்றை வரையுங்கள். கோட்டைத் தேர்ந்தெடுத்து, வலது பக்கப் பட்டையில் அனிமேஷனைத் திறந்து, 'வைப்' (ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மெல்லத் தெரிய வைப்பது) என்ற விளைவைச் சேருங்கள். திசை கீழிருந்து மேலே. இப்போது ஒரு தட்டு தட்டினால் ஆறு ஆனைமலையிலிருந்து உங்கள் ஊருக்கு ஓடி வரும். இந்த ஏழு ஸ்லைடிலும் அனிமேஷனுக்கு நியாயம் இருக்கிற இடம் இது ஒன்றுதான். எழுத்து சுழன்று வருவது, போட்டோ குதித்து விழுவது எதுவும் வேண்டாம். தண்ணீர் நிஜமாகவே நகர்கிறது, அதனால் அதை நகர்த்திக் காட்டுகிறோம்.

இங்கே பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள். வரைபடத்தில் தெற்கு கீழே, வடக்கு மேலே. ஆழியாறு நம் ஊருக்குத் தென்கிழக்கே இருப்பதால் தண்ணீர் 'மேல் நோக்கி' ஓடுவதுபோல் தெரியும். ஆனைமலை இருக்கிற இடத்தில் மலையைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்து வையுங்கள், தண்ணீர் உயரத்திலிருந்து இறங்கித்தான் வருகிறது என்று புரியும்.

தண்ணீரின் அளவு ஸ்லைடு. 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் தமிழ்நாடு கேரளத்துக்கு ஒரு நீர் ஆண்டில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். இந்த எண்ணை அப்படியே பெரிய எழுத்தில் போட்டால் பெற்றோரில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ஒரு கன அடி என்றால் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஓர் அடி உள்ள பெட்டி. அதில் ஏறக்குறைய 28 லிட்டர் பிடிக்கும், நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் சுமாராக இரண்டு. ஓர் அடி அட்டைப் பெட்டி ஒன்றையும் பக்கத்தில் இரண்டு குடத்தையும் வைத்து ஸ்கூல் திண்ணையில் ஒரு போட்டோ எடுங்கள். ஸ்லைடில் அந்தப் போட்டோ, அதன் கீழே '725 கோடி பெட்டிகள்' என்று ஒரே வரி. மீதியை நீங்கள் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பெட்டியையும் கையோடு கொண்டு வந்து மேசை மேல் வைத்துவிடுங்கள்.

இப்போது மாமனாரின் குரல். வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் என்றால் அது ஓபஸ் என்ற வகைக் கோப்பு. போனின் ரெக்கார்டரில் நேராகப் பதிந்தது என்றால் பெரும்பாலும் எம்4ஏ. ஸ்லைடு மென்பொருளுக்கு இவை ஒத்துப்போகாமல் போவது சகஜம். எம்பி3 என்றால் தொல்லை குறைவு. வி.எல்.சி. பிளேயரில் 'மீடியா' மெனுவில் 'கன்வர்ட்' என்று இருக்கும். கோப்பைக் கொடுத்து எம்பி3 என்று தேர்ந்தெடுத்தால் மாற்றிக் கொடுத்துவிடும். பிறகு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் குரல் ஒரு அலைக்கோடாகத் தெரியும். பெரியவர் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் கோடு சமமாகப் படுத்திருக்கும். தேவையில்லாத பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து டெலீட் தட்டினால் போதும். நாற்பது, ஐம்பது விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். மூச்சையும் தயக்கத்தையும் எல்லாம் வெட்டிவிடவும் வேண்டாம். 84 வயதுக் குரல் அப்படித்தான் இருக்கும், அதுதான் பிள்ளைகளைக் கேட்க வைக்கும். மாட்டை அதட்டுகிற சத்தத்தை அவர் செய்து காட்டியிருந்தால் அதை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

இம்ப்ரெஸில் 'இன்சர்ட்' மெனுவில் 'ஆடியோ ஆர் வீடியோ' என்று போய்க் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பெட்டியிலேயே 'லிங்க்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் குரல் வெளியே தனிக் கோப்பாகவே இருக்கும், ஸ்லைடில் அதன் முகவரி மட்டும் இருக்கும். டிக் இல்லாவிட்டால் குரல் ஸ்லைடு கோப்புக்குள்ளேயே வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்கூல் ஹாலில் நான் ஸ்லைடு கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போய், வீடியோ வர வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் தெரிய நின்றிருக்கிறேன். வீடியோ என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அன்று முதல் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொண்டேன். போட்டோ, ஒலி, வீடியோ, ஸ்லைடு எல்லாவற்றையும் அதில் போட்டு ஃபோல்டரை முழுசாகவே பென் டிரைவுக்கு மாற்றுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

குரல் ஓடும்போது திரையில் அவர் முகமோ, அவர் கைகளோ மட்டும் இருக்கட்டும். ஸ்லைடு வந்தவுடனே ஒலி தானாகத் தொடங்குகிறதா என்று வீட்டில் போட்டுப் பாருங்கள். தொடங்கினால் அவரைப் பற்றிய அறிமுகத்தை முந்தைய ஸ்லைடிலேயே சொல்லி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் குரலும் அவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

தமிழ் எழுத்து உடைந்த கதைக்கு வருவோம். எல்லைப் பக்கத்து டீச்சர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவருவது இதைத்தான். டி.டி.பி. கடைகளில் இன்னும் பல இடங்களில் பழைய முறை எழுத்துருக்கள்தான். அவற்றில் கம்ப்யூட்டருக்குள் பதிவது ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். பாமினி என்ற அப்படிப்பட்ட எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் போர்வை விலகி, உள்ளே இருப்பது அப்படியே தெரியும். உங்களுக்குத் தெரிந்தது அதுதான். லேப்டாப் கெட்டுப்போகவில்லை. வழி, யூனிகோடு. அதில் 'அ' என்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் 'அ' தான். கடைக்காரரிடம் யூனிகோடாக மாற்றித் தரச் சொல்லுங்கள். என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் மாதிரி மென்பொருள் இருந்தால் அவருக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் ஏழு ஸ்லைடுக்கு ஏழெட்டு வரிதானே இருக்கப் போகிறது, அதை நீங்களே போனில் தமிழில் அடித்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி, லேப்டாப்பில் திறந்து காப்பி செய்து ஒட்டுங்கள். போன் தமிழ் எல்லாம் யூனிகோடுதான். நிறைய அடிக்க வேண்டி வரும்போது உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துப் பழகலாம். இந்த மாதம் அது வேண்டாம்.

இம்ப்ரெஸில் தமிழுக்கு இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்' போய், மொழி அமைப்புகளில் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற கட்டத்தில் டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திய மொழிகளுக்கு ஒன்று என்று அது எழுத்துருவைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். இது தெரியாமல்தான் 'எழுத்தளவை மாற்றினேன், ஆங்கிலம் மட்டும் பெரிதானது, தமிழ் அப்படியே இருக்கிறது' என்று பலர் தவிக்கிறார்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது. ஹெச்.எம்.முக்காக மூலத்தரை, சித்தூர்ப் புழை என்று நாலு இடப்பெயரை மலையாளத்திலும் போட நினைத்தால் மீரா, மீரா இனிமை என்ற ஜோடி இருக்கிறது. முதலாவது மலையாளம், இரண்டாவது தமிழ். இரண்டும் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் இலவச எழுத்துருக்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டாமல் நிற்காது. இடப்பெயரோடு நிறுத்திவிடுங்கள். எல்லா வரியையும் இரண்டு மொழியில் போட்டால் யாருக்கும் படிக்க இடமிருக்காது. தமிழ் தெரியாத பெற்றோர் இருந்தால் வாயால் மலையாளத்தில் ஒரு வரி சொல்லிவிடுங்கள், அது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எழுத்தளவு 32-க்குக் கீழே போக வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் போட்டால் சொல் அடுத்த வரிக்கு உடைந்து விழும். வெறும் வெள்ளை ஸ்லைடை எடுத்து, வரிக்கு நாலைந்து சொல்லோடு நிறுத்துங்கள். ஜன்னல் திறந்த வகுப்பறையில் புரொஜெக்டர் வெளிச்சம் மங்கித்தான் தெரியும். அங்கே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேரும்.

போட்டோக்களை மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் மாமனார் முகம் சப்பையாகிவிடும். போன் போட்டோ ஒவ்வொன்றும் மூன்று நாலு எம்.பி. இருக்கும், பழைய லேப்டாப் திணறும். போட்டோ மேல் வலது கிளிக் செய்தால் 'கம்ப்ரெஸ்' வரும், அதில் சுருக்கிவிடலாம். வெளியிலிருந்து படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் விக்கிமீடியா காமன்ஸில் எடுங்கள், எடுத்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் அதே ஸ்லைடின் ஓரத்தில் சின்னதாகப் போடுங்கள். பிள்ளைகள் பார்க்கிறார்கள், அந்தப் பழக்கமும் அவர்களுக்கு வரட்டும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அதே ஹாலில், அதே புரொஜெக்டரில், அதே லேப்டாப்பில் ஒரு முறை முழுசாக ஓட்டுங்கள். எஃப்5 தட்டினால் முதலிலிருந்து ஓடும், ஷிஃப்டோடு எஃப்5 தட்டினால் நிற்கிற ஸ்லைடிலிருந்து ஓடும். நடுவில் பிள்ளைகள் உங்களை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஆங்கில 'பி' விசையைத் தட்டுங்கள். திரை கறுப்பாகும், இன்னொரு தட்டில் திரும்ப வரும். பெட்டியையும் குடத்தையும் கையில் காட்டும்போது இது உதவும்.

முந்தின நாள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒலி. லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் நீலத் தலை உள்ள வி.ஜி.ஏ. கேபிளில் இணைத்திருந்தால் அதில் படம் மட்டும்தான் போகும். ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் என்றால் ஒலியும் சேர்ந்து புரொஜெக்டருக்குப் போய், அங்கே இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் முனகும். இரண்டிலும் கடைசி வரிசைக்குக் கேட்காது. ஸ்கூல் ஸ்பீக்கரை லேப்டாப்பின் இயர்போன் துளையில் செருகி, சவுண்டு செட்டிங்ஸில் ஒலி அந்த வழியாகப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். லேப்டாப் சார்ஜ் நிறைந்திருக்கட்டும், வரைபடத்தை வரைந்த அந்த சார்ட் பேப்பரையும் சுருட்டிக் கையோடு கொண்டு போங்கள். ஆற்றை மட்டும் அதில் ஸ்கெட்ச் பேனாவால் பிள்ளைகள் முன்னால் வரைந்துவிடலாம்.

இம்ப்ரெஸ் தன் வழக்கப்படி ஓடிபி என்ற வகையில் சேமிக்கும். வேறு கம்ப்யூட்டரில் காட்ட வேண்டி வந்தால் பவர்பாயிண்டுக்குரிய பிபிடிஎக்ஸ் வகையில் இன்னொரு பிரதி போட்டு, அதை பவர்பாயிண்டில் ஒரு முறை திறந்து பாருங்கள், வரிகள் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். கூடவே பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வையுங்கள். அதில் ஒலி வராது, ஆனால் எழுத்து உடையாது.

கடைசியாக ஒன்று. ஆடாசிட்டியில் வேலை செய்வதற்கு முன் மாமனாரின் அசல் பதிவை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று உங்கள் மெயிலில், இன்னொன்று அக்கா மகனிடம். வெட்டுவதெல்லாம் மூன்றாவது பிரதியில். இன்னும் நேரமிருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கிணற்றடிக்கே அழைத்துப் போய், காற்றில்லாத நேரமாகப் பார்த்து, போனை அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து மறுபடி பேச வையுங்கள். மாடுகளின் பெயரைக் கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை சால் (கவலையில் தண்ணீர் மொள்ளும் பாத்திரம்) தண்ணீர் இறைத்தார் என்று கேளுங்கள். அந்தக் கணக்கை வைத்தே ஏழாவது ஸ்லைடின் கேள்வியைப் போட்டுவிடலாம்.